பழம் நறுக்குற கத்தி: ஹாரோவிலிருந்து ஆறு நாள் டைரி

நாள் 1, திங்கள்

மக வீட்டுக்கு வந்து மூணு வாரம் ஓடிப்போச்சு. பேத்தியை காலைல ஸ்கூல்ல விட்டா மறுபடி மூணேகால் மணிக்குத்தான் வேலை, நடுவுல இந்த வீட்டுல எனக்குன்னு ஒண்ணுமே இல்ல, பாத்திரத்தைக்கூட மெஷின்தான் கழுவுது. டவர் பிரிட்ஜ், லண்டன் ஐ, அந்த மெழுகு பொம்மை எல்லாம் முதல் வாரமே பாத்தாச்சு. சும்மா உக்காந்து உக்காந்து ஊருக்குப் போயிடலாமான்னு ஆயிடுச்சு.

நான் 31 வருஷம் கும்பகோணம், தஞ்சாவூர் பக்கத்து கோர்ட்டுகள்ல ஸ்டெனோ டைப்பிஸ்ட்டா இருந்தவ. மாப்பிள்ளைக்கு அது ஞாபகம் வந்து போன வாரம் லேப்டாப்பை முன்னாடி வச்சு, "அத்தை, இது உங்களுக்குன்னே பண்ணி வச்ச மாதிரி இருக்கு, பாருங்க"ன்னு காட்டினார். ஓல்டு பெய்லி, அதாவது லண்டனோட பெரிய கிரிமினல் கோர்ட், அங்க 1674லேர்ந்து 1913 வரைக்கும் நடந்த கேஸ் எல்லாத்தையும் அச்சடிச்சு வச்சிருக்காங்க, ஏறக்குறைய 2 லட்சம் கேஸ், காசு கிடையாது, யாரு வேணா வீட்ல உக்காந்து படிக்கலாம். எனக்கு இலக்கிய இங்கிலீஷ் வராது, ஆனா கோர்ட் இங்கிலீஷ் எந்த நூற்றாண்டா இருந்தாலும் புரியும். மூணு நாள் ராத்திரி தூங்கலை.

அதுல ஒரு கேஸ் என்னைப் பிடிச்சுக்கிச்சு. 1769 அக்டோபர் 6, வெள்ளிக்கிழமை. இருட்டினப்புறம் ஹேமார்க்கெட் தெருவுல ஒரு 50 வயசு மனுஷன் வேகவேகமா நடந்து போறார். பேரு ஜோசஃப் பரெட்டி. இத்தாலிக்காரர், டூரின்ல பிறந்தவர், லண்டன்ல இத்தாலி பாஷை சொல்லிக்குடுத்து, இத்தாலி-இங்கிலீஷ் அகராதி போட்டு பிழைக்கிறவர், ராயல் அகாடமிங்கிற ஓவியர், சிற்பிங்க சங்கத்துல வெளிநாட்டுக் கடிதங்களைப் பாத்துக்கிற செயலாளர். கண்ணு சரியாத் தெரியாது. ஒரு பொம்பளை வம்புக்கு இழுக்கறா, கை கலக்குது, மூணு ஆம்பளைங்க வந்து சுத்திக்கிறாங்க, இவர் பையிலேர்ந்து ஒரு சின்ன கத்தியை எடுக்கறார், அஞ்சு நிமிஷம் இருக்குமோ என்னவோ, இவான் மார்கன்ங்கிறவருக்கு மூணு குத்து. மார்கன் ஆஸ்பத்திரியில செத்துப் போறார். அக்டோபர் 20, அதுவும் வெள்ளிக்கிழமைதான், ட்ரயல் நடந்து அன்னிக்கே தீர்ப்பு.

பதினாலு நாள்! எங்க கோர்ட்ல பதினாலு நாள்ல சம்மனே போய்ச் சேராது.

அந்த சாட்சி லிஸ்ட்டைப் பாத்துத்தான் நான் நிமிந்து உக்காந்தேன். அரசு தரப்புல தெருவுல நிக்கிற ஒரு பொண்ணு, செத்தவரோட வந்த ரெண்டு பேரு, டாக்டரு, ஆஸ்பத்திரியில பக்கத்துல படுத்திருந்த ஒரு நோயாளி. எதிர்த் தரப்புல பாத்தா இங்கிலீஷ் அகராதி எழுதின சாமுவேல் ஜான்சன், அரசியல்வாதி எட்மண்ட் பர்க், நடிகர் டேவிட் காரிக், ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ், எழுத்தாளர் ஆலிவர் கோல்ட்ஸ்மித். அந்தக் காலத்து லண்டன்ல பேரும் புகழுமா இருந்தவங்க ஒருத்தர் பாக்கியில்லாம வந்திருக்காங்க. ஆனா இவங்கள்ல ஒருத்தர்கூட அந்த ராத்திரி ஹேமார்க்கெட்ல இல்ல.

சரி, அந்த இடத்தை எல்லாம் ஒவ்வொண்ணா நேர்ல போய்ப் பாத்துடறதுன்னு முடிவு பண்ணிட்டேன். மகதான் "அம்மா, வேற யாராவது அம்மா லண்டனுக்கு வந்து கொலை நடந்த இடம் பாக்கப் போவாங்களா?"ன்னு சிரிக்கிறா. சிரிக்கட்டும்.

நாள் 2, செவ்வாய்

ஹாரோ வீல்ட்ஸ்டோன்லேர்ந்து பேக்கர்லூ லைன், மாறவே வேண்டாம், பிக்காடில்லி சர்க்கஸ்ல கொண்டு விடுது. மேல ஏறி வந்தா விளம்பர வெளிச்சம் கண்ணைக் குத்துது. ஹேமார்க்கெட் அங்கேர்ந்து ரெண்டு நிமிஷ நடை. பேரு சொல்ற மாதிரியே நிஜமான வைக்கோல் சந்தைதான், 1830 வரைக்கும் இந்தத் தெருவுல வண்டி வண்டியா வைக்கோல் வித்திருக்காங்க, லண்டன் குதிரைங்களுக்கு. பகல்ல வைக்கோல், ராத்திரி வேற வியாபாரம். தியேட்டர் இருக்கிற இடம், காபி கடை இருக்கிற இடம், கையில காசோட ஆம்பளைங்க வர்ற இடம், அதனால பொண்ணுங்களும் வந்து நின்னாங்க.

தெரு சரிவா இறங்குது. இடது பக்கம் பேன்டன் ஸ்ட்ரீட், இன்னிக்கும் அதே பேரு. உள்ள போனா ஆக்ஸன்டன் ஸ்ட்ரீட், அதுவும் அதே பேரு. வீடெல்லாம் மாறியிருக்கு, எல்லாம் சாப்பாட்டுக் கடையும் நாடகக் கொட்டகையும், ஆனா தெருவோட வளைவு மாறலை. கையில பிரின்ட் அவுட் வச்சுக்கிட்டு மூலையில நின்னு படிச்சேன். ஒரு பையன் வந்து வழி தெரியலையான்னு கேட்டான், இல்லப்பா தெரியுதுன்னேன்.

எலிசபெத் வார்டுங்கிற பொண்ணு சொன்னதோட சாராம்சம் இதுதான்: நானும் இன்னொரு பொண்ணும் இருந்தோம், கூட இருந்தவதான் அந்த ஆள்கிட்ட பேச்சுக் குடுத்தா, அவதான் கை வச்சா, அவர் திரும்பி அடிச்சது என்னை, நான் கத்தினேன், கத்தினதைக் கேட்டு ஆளுங்க வந்தாங்க. கூட இருந்த அந்தப் பொண்ணு கோர்ட்டுக்கு வரவே இல்ல.

செத்தவரோட வந்த பேட்மன் என்ன சொல்றார்னா, தன்னை யாரோ தள்ளிவிட தான் போய் பரெட்டி மேல விழுந்ததா, உடனே இடது பக்கம் ஒரு அடி விழுந்த மாதிரி இருந்துச்சு, பாத்தா ரத்தம் ஓடி ஷூவுக்குள்ள இறங்குது. குத்துப்பட்டதே முதல்ல தெரியலை. இது நான் டைப் அடிச்ச எத்தனையோ குத்து கேஸ்ல வந்த அதே வாக்கியம், "ஏதோ இடிச்ச மாதிரி இருந்துச்சுங்க ஐயா, தொட்டுப் பாத்தா ஈரமா இருந்துச்சு". கத்தி உள்ள போறப்ப வலி தெரியாதுங்கிறதை கற்பனை பண்ணி ஒருத்தன் சொல்ல மாட்டான், பட்டவன்தான் சொல்லுவான். அதனால பேட்மனை நான் நம்பறேன்.

பரெட்டி தரப்பு வேற மாதிரி. அந்தக் காலத்துல இங்கிலாந்துல குற்றவாளிக் கூண்டுல நிக்கிறவர் சத்தியம் பண்ணி சாட்சி சொல்லவே முடியாது (அந்த உரிமை 1898லதான் வந்துச்சு), கொலை கேஸ்ல வக்கீல் குறுக்கு விசாரணை பண்ணலாம், ஆனா கட்சிக்காரருக்காக ஜூரியைப் பாத்து பேசக் கூடாது, அது 1836 வரைக்கும். அதனால பரெட்டி தன் கைப்பட எழுதி வந்ததைப் படிக்கிறார். அன்னிக்கு முழுக்க வீட்ல உக்காந்து அகராதியோட மறுபதிப்பைத் திருத்திக்கிட்டிருந்தேன், சோஹோவுல அகாடமிக்காரங்க கிளப்புக்குப் போனேன், யாரும் இல்ல, ஆரஞ்ச் காபி ஹவுஸ்ல எனக்கு லெட்டர் ஏதும் வந்திருக்கான்னு பாத்தேன், வரலை, திரும்பி வரும்போது ஒரு பொம்பளை சொல்லக் கூடாத இடத்துல ஓங்கி அடிச்சா, வலி தாங்காம கையால தட்டிவிட்டேன், என் பேச்சைக் கேட்டு வெளிநாட்டுக்காரன்னு தெரிஞ்சதும் ஃபிரெஞ்சுக்காரன்னு திட்ட ஆரம்பிச்சுட்டாங்க, கூட்டம் கூடிடுச்சு, உயிர் பயத்துல ஓடினேன், விடலை. அவர் இத்தாலிக்காரர். அது யாருக்கு வேணும், வெளியூர்க்காரன்னா எல்லாம் ஃபிரெஞ்சுக்காரன்தான், எங்க ஊர்ல வடக்கேர்ந்து வந்தவங்களை எல்லாம் ஒரே பேர்ல கூப்பிடற மாதிரி.

அடிச்சது யாரு, அடி பட்டது யாரு, ஒரே நிமிஷத்துக்கு ரெண்டு கதை. ஒருவேளை ரெண்டுமே நிஜமா இருக்கலாம். கண்ணு தெரியாத ஆளு, இருட்டு, ரெண்டு பொண்ணு. ஒருத்தி தொட்டிருக்கா, இன்னொருத்தி அடி வாங்கியிருக்கா. அந்த மூலையில பத்து நிமிஷம் நின்னப்புறம் எனக்கு இப்படித்தான் தோணுது.

திரும்பி வரும்போது ரயில்ல உக்கார இடம் கிடைக்கலை. முட்டி வலி.

நாள் 3, புதன்

காலைலேர்ந்து மழை. வெளிய போகலை. ரசம் வச்சேன்.

மழைக்கு உக்காந்து படிச்சது கொரோனர், அதாவது சாவுக்குக் காரணம் என்னன்னு விசாரிக்கிற அதிகாரி, அவரோட விசாரணையைப் பத்தி. ஒருத்தர் திடீர்னு செத்தா, அடிபட்டோ தண்ணில விழுந்தோ வண்டி ஏறியோ, உடனே கொரோனர் வரணும், அந்தப் பகுதி ஆளுங்க பன்னெண்டு பேருக்குக் குறையாம ஜூரியா உக்காரணும், பொணத்தை எல்லாரும் நேர்ல பாக்கணும், பாக்காம தீர்ப்பு சொல்லக் கூடாது. பல சமயம் இது நடக்கறது ஒரு சாராயக் கடையில, ஏன்னா அவ்வளவு பேரு உக்கார வேற இடம் ஏது. 1752லேர்ந்து ஒரு விசாரணைக்கு கொரோனருக்கு 20 ஷில்லிங், போறதுக்கு மைலுக்கு 9 பென்ஸ். படி கணக்கு எந்த ஊர்லயும் மொதல்லயே எழுதிடறாங்க பாருங்க.

எங்க பக்கம் பிரேத விசாரணைக்கு பஞ்சாயத்தார் அஞ்சு பேரை உக்கார வச்சு கையெழுத்து வாங்குவாங்களே, அதுக்கு கொள்ளுத்தாத்தா இதுதான்னு வைங்க. எங்க பஞ்சாயத்தார் பாதி நேரம் டீக்கடையில இருந்தபடியே கையெழுத்துப் போடுவாங்க, அது வேற.

வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில 1760லேர்ந்து 1799 வரைக்கும் நடந்த விசாரணைக் காகிதம் எல்லாம் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபில பத்திரமா இருக்கு, அதையும் படம் பிடிச்சு வச்சிருக்காங்க. சாட்சிகள் சமையக்காரிங்க, குதிரைக்காரங்க, வாடகைக்கு ரூம் விட்டவங்க, துணி வெளுக்கிறவங்க. பேரு எழுதத் தெரியாதவங்க ஒரு கோடு போட்டிருக்காங்க, பக்கத்துல "இன்னாருடைய குறி"ன்னு எழுத்தர் எழுதியிருக்கார். நம்ம ஊர்ல கைரேகை வைப்போம், இங்க பெருக்கல் குறி. இந்த ஜனங்க வாழ்க்கையில ஒரே ஒரு தடவை பேசினதை யாரோ எழுதி வச்சது இந்தக் காகிதத்துல மட்டும்தான் இருக்கும், அதுவும் பக்கத்து வீட்டுல ஒருத்தர் செத்ததால.

இதுல ஒரு விசித்திரம். வண்டி ஏறி ஆள் செத்தா அந்த வண்டிக்கோ சக்கரத்துக்கோ குதிரைக்கோ விலை போடுவாங்க, அந்தப் பணம் ராஜாவுக்கோ அவர்கிட்ட உரிமை வாங்கினவருக்கோ போகும். உயிரை எடுத்த பொருளே குற்றவாளி. 1846லதான் இதை எடுத்தாங்க, ரயில் வந்தப்புறம். ரயில் இஞ்சினுக்கு விலை போட்டா கம்பெனி என்னத்துக்கு ஆகும்.

இந்த வழக்கம் கப்பல்ல ஏறி மெட்ராசுக்கும் வந்துச்சு. 1776ல கவர்னர் பிகாட்டை சொந்த கவுன்சில்காரங்களே பிடிச்சு காவல்ல வச்சாங்க, 1777 மே மாசம் அவர் காவல்லயே செத்தார், கொரோனர் விசாரணை கூடி கொலைன்னே சொல்லிடுச்சு. சம்பந்தப்பட்டவங்க சீமைக்குப் போய் கடைசியில ஆளுக்கு 1000 பவுண்டு அபராதம் கட்டினதோட கதை முடிஞ்சுது. புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ள இருக்கிற செயின்ட் மேரீஸ் சர்ச்லதான் பிகாட்டை புதைச்சிருக்காங்க. சர்வீஸ்ல இருந்தப்ப எத்தனையோ தடவை ஃபைல் தூக்கிக்கிட்டு கோட்டைக்குப் போயிருக்கேன், ஒரு தடவைகூட உள்ள எட்டிப் பாக்கலை.

மாலையில மழை விட்டுது. பேத்திக்கு ரசம் காரமாம்.

நாள் 4, வியாழன்

மார்கனைத் தூக்கிட்டுப் போன மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரி. மார்டிமர் ஸ்ட்ரீட்ல 1757லேர்ந்து இருந்துச்சு, 2005ல மூடி, அப்புறம் இடிச்சுட்டாங்க. இப்ப அங்க கண்ணாடிக் கட்டடம், ஆபீஸ், விலை கேட்டா மயக்கம் வர்ற மாதிரி வீடுங்க. நடுவுல ஒரே ஒரு பழைய கோயில் மட்டும் நிக்குது, ஆஸ்பத்திரிக்குன்னு 1891ல கட்ட ஆரம்பிச்ச சேப்பல். உள்ள மேல பூரா தங்க மொசைக். மார்கன் காலத்துல அது கிடையாது, இருந்தாலும் உள்ள போய் அஞ்சு நிமிஷம் உக்காந்தேன். வேற எங்க உக்கார்றது.

இந்த ஆஸ்பத்திரிப் பகுதிதான் எனக்கு ரொம்ப முக்கியம். டாக்டர் சாட்சி சுருக்கம்: மூணு காயம், வயித்துல பட்டதுதான் உயிரை எடுத்துச்சு. அதுக்கப்புறம் வார்டுல கூட இருந்த ஒரு நோயாளி வந்து, மார்கன் தன்கிட்ட சொன்னதைச் சொல்றார், பொம்பளைங்களுக்கு உதவப் போனோம், அதுக்குக் குத்திட்டான்னு.

இது மரண வாக்குமூலம். எங்க ஊர்னா மாஜிஸ்திரேட் பெரியாஸ்பத்திரிக்கு வரணும், டாக்டர் "சுய நினைவோடு இருக்கிறார்"னு சர்டிஃபிகேட் குடுக்கணும், போலீஸ்காரங்க, சொந்தக்காரங்க எல்லாரையும் வெளிய அனுப்பணும், கேள்வி பதிலா எழுதணும். நானே நாலஞ்சு தடவை மாஜிஸ்திரேட்டோட ராத்திரி ஜீப்ல போயிருக்கேன். பெரும்பாலும் தீக்காயம், பெரும்பாலும் பொம்பளைங்க. முதல்ல "ஸ்டவ் வெடிச்சிடுச்சு"ன்னு சொல்லும் அந்தப் பொண்ணு, வெளிய நிக்கிற மாமியாரு காதுல விழற மாதிரி. ஐயா மெதுவா இன்னொரு தடவை கேப்பார். அப்ப வர்ற பதிலை எழுதும்போது கை நடுங்கும், சுருக்கெழுத்துல நடுங்கினா வேற வார்த்தை ஆயிடும், அதனால நடுங்கவும் கூடாது. அதுக்கு மேல அதைப் பத்தி எழுத வேண்டாம்.

மார்கனுக்கு அப்படி யாரும் வரலை போல. அவர் பேசினது பக்கத்துப் படுக்கைக்காரர் காதுல விழுந்து, அவர் வாய் வழியா கோர்ட்டுக்கு வந்து, ரெண்டு மூணு வரியா அச்சாச்சு.

பக்கத்துல ஒரு காபி கடையில டீ கேட்டா நாலு பவுண்டு சொன்னான். குடிக்கலை.

நாள் 5, வெள்ளி

ஓல்டு பெய்லி. மாப்பிள்ளை முன்னாடியே எச்சரிக்கை பண்ணியிருந்தார், போன் உள்ள விட மாட்டாங்க, வச்சுட்டுப் போகவும் அங்க இடமில்லன்னு. அதனால போன் இல்லாம, ஒரு துண்டுத்தாள்ல மக நம்பரை எழுதி ரவிக்கைக்குள்ள வச்சுக்கிட்டு கிளம்பினேன், 1985ல வேலைக்குப் போன மாதிரியே இருந்துச்சு. செயின்ட் பால்ஸ் ஸ்டேஷன்ல இறங்கி நடை.

இப்ப நிக்கிற கட்டடம் 1907ல திறந்தது, நியூகேட் ஜெயிலை இடிச்ச இடத்துல. உச்சியில தங்கக் கலர்ல நீதி தேவதை, தராசும் வாளும் இருக்கு, கண்ணுல கட்டு கிடையாது. நம்ம சினிமா கோர்ட்டுல கறுப்புத் துணி கட்டியே பாத்துப் பழகினதால முதல்ல என்னவோ குறையற மாதிரி இருந்துச்சு.

பரெட்டியை விசாரிச்சது இதுக்கு முன்னாடி பக்கத்துல இருந்த சின்ன கோர்ட். அதுக்கு ஒரு பயங்கரக் கதை இருக்கு. 1750ல ஜெயில்லேர்ந்து கொண்டுவந்த கைதிங்களோட ஜெயில் காய்ச்சலும் கூட வந்து, கோர்ட்ல உக்காந்திருந்த லார்டு மேயர், ரெண்டு ஜட்ஜு, வக்கீலுங்க, ஜூரிங்கன்னு ஏறக்குறைய 60 பேர் செத்துட்டாங்க. அதுலேர்ந்து ஜட்ஜுங்க முன்னாடி வாசனைத் தழை, பூங்கொத்து எல்லாம் வைக்கிற வழக்கம். அப்புறம் கைதி முகத்துக்கு நேரா ஜன்னல் வெளிச்சம் விழற மாதிரி மேல ஒரு கண்ணாடி, அவன் மூஞ்சி போற போக்கை ஜூரி பாக்கணுமாம்.

அந்த வெளிச்சத்துல பரெட்டி நிக்கிறார். ஜூரியில பாதி வெளிநாட்டுக்காரங்க வேணும்னு கேக்கற உரிமை அவருக்கு இருந்துச்சு, வேண்டாம், இங்கிலீஷ்காரங்களே போதும்னுட்டார். கெட்டிக்காரத்தனமான முடிவு.

கத்தியைப் பத்தித்தான் பெரிய கேள்வி. எதுக்கு ஒரு அகராதி எழுதறவர் பையில கத்தி? வெள்ளி அலகு வச்ச சின்ன கத்தி, பழமும் மிட்டாயும் நறுக்கறதுக்கு வச்சிருக்கேன், மனுஷங்களைக் கொல்ல இல்லன்னார். ஃபிரான்ஸ் பக்கம் சாப்பாட்டு மேஜையில கத்தி வைக்கிற பழக்கமில்ல, பொம்பளைங்ககூட பையில வச்சிருப்பாங்கன்னார். காரிக்கைக் கேட்டாங்க, நீங்க வெளிநாடு போனா இப்படி கத்தி எடுத்துட்டுப் போவீங்களா? ஆமா, இல்லாட்டி சாப்பாடே கிடைக்காதுன்னார். நடிகராச்சே, கோர்ட் சிரிச்சிருக்கும்.

ஜான்சன் வந்தார். 1753 இல்லாட்டி 54லேர்ந்து பழக்கம், படிச்சவர், உழைப்பாளி, குடிச்சுத் தடுமாறி நான் பாத்ததில்ல, சாதுவானவர், சொல்லப்போனா கொஞ்சம் பயந்த சுபாவம். கண் பார்வை எப்படின்னு கேட்டாங்க. அதுக்கு ஜான்சன் பதில்: "இப்ப அவருக்கு என்னைத் தெரியாது, எனக்கும் அவரைத் தெரியாது."

ஒரே ரூம்ல, சாட்சிக் கூண்டுல ஒருத்தர், குற்றவாளிக் கூண்டுல ஒருத்தர், ரெண்டு அகராதிக்காரங்க, ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியலை. நான் இதைப் படிச்சுட்டு சத்தமா சிரிச்சு மகளை எழுப்பிட்டேன். ஆனா பாருங்க, இந்த ஒரு வரி கேஸுக்கு எவ்வளவு பலம். இருட்டுல இவருக்கு யாரு அடிச்சா, யாரைக் குத்தினோம்னு தெரிஞ்சிருக்கவே முடியாதுன்னு சொல்லாமச் சொல்லியாச்சு.

இன்னும் சில பேர் வந்து, அதே ஹேமார்க்கெட்ல பொம்பளைங்க எங்களையும் அதே மாதிரி பண்ணியிருக்காங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. தீர்ப்பு: விடுதலை, தற்காப்பு.

தீர்ப்பு தப்புன்னு நான் சொல்லலை. நானே ஜூரியா இருந்தாலும் தூக்குல போடுங்கன்னு கை தூக்கியிருக்க மாட்டேன், அவர் பயந்தது நிஜம்னுதான் படுது. என் வயித்தெரிச்சல் வேற. பாத்தவங்களை எல்லாம் நீ என்ன தொழில் பண்றவ, உன் கூட்டாளி யாருன்னு கிழிச்சாச்சு, பாக்காதவங்களை ஐயா நீங்க சொல்லுங்கன்னு கேட்டாச்சு. எங்க கோர்ட்லயும் ஊர்ப் பெரிய மனுஷன் வந்து "பையன் நல்ல பையன்"னா ஐயா பேனாவைக் கீழ வச்சுட்டு கேப்பார். சித்தாள் வேலை செய்யற பொண்ணு வந்தா "சுருக்கமா சொல்லும்மா".

பப்ளிக் கேலரியில ரெண்டு மணி நேரம் உக்காந்தேன். என்ன கேஸ்னு எழுதலை. நான் தேடினது ஸ்டெனோவை. இல்ல. 2012லேர்ந்து எல்லாம் ரெக்கார்டிங்காம், சுருக்கெழுத்தாளருங்க வேலை போச்சு. இந்த கோர்ட்லதான் 1740கள் கடைசியிலேர்ந்து தாமஸ் குர்னின்னு ஒரு கடிகாரம் செய்யறவர் சுருக்கெழுத்து எழுத ஆரம்பிச்சார், பிட்மன் சுருக்கெழுத்து வர்றதுக்கு 90 வருஷம் முன்னாடி! அப்புறம் அவர் பையன், பேரன்னு குடும்பமே எழுதிச்சு. சார்லஸ் டிக்கன்ஸ் கத்துக்கிட்டதும் குர்னி முறைதான். பரெட்டி கேஸ் இன்னிக்கு என் கைக்கு வந்ததே அந்தக் குடும்பத்தோட கைவேலைலதான்.

இதுல ஒரு தொழில் ரகசியம் சொல்லணும். குர்னி அச்சுல பல இடத்துல கேள்வி இருக்காது, பதில் மட்டும் வரிசையா ஓடும். அதனால எலிசபெத் வார்டு "அவரைத் தொட்டது நான் இல்ல"ன்னு சொன்னது தானா சொன்னதா, யாராவது குடைஞ்சு கேட்டு சொன்னதா, அச்சைப் பாத்தா பிரிக்க முடியாது. நாங்களும் அப்படித்தான். வக்கீல் "நீ பொய் சாட்சி சொல்றே"ம்பார், சாட்சி பத்து நிமிஷம் அழுவா, நான் அடிக்கிறது ஒரே வரி: "நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல." அழுததுக்கு டைப்ரைட்டர்ல கீ கிடையாது.

நாள் 6, சனி

இன்னிக்கு லீவு, மகளும் பேத்தியும் கூட வந்தாங்க. ஃப்ளீட் ஸ்ட்ரீட் பின்னாடி சந்து சந்தா போய் கஃப் ஸ்கொயர், ஜான்சன் அகராதி எழுதின வீடு. 1769ல அவர் இங்க இல்ல, பக்கத்துச் சந்துக்கு மாறிட்டார், ஆனா நிக்கிறது இதுதான். வாசல்ல அவர் பூனை ஹாட்ஜுக்கு சிலை, காலடியில சிப்பி. பேத்தி அதைவிட்டு நகரலை. கேஸ்ல செத்தவருக்கு எங்கயும் ஒரு கல் நான் பாக்கலை, பூனைக்கு இருக்கு. சரி, பூனை மேல என்ன கோவம்.

விசாரணைக்கு முந்தின நாள் ஜான்சன்கிட்ட பரெட்டியைப் பத்தி பேச்சு வந்தப்ப அவர் சொன்னது பதிவாகியிருக்கு: நண்பர்கள் எல்லாப் பக்கமும் எழுந்து நிக்கிறாங்க, ஆனா நாளைக்கு அவரைத் தூக்குல போட்டாலும் ஒருத்தரும் புட்டிங்ல ஒரு துண்டு குறைச்சுச் சாப்பிட மாட்டாங்க. மறுநாள் போய் அருமையா சாட்சி சொன்னதும் இதே மனுஷன்தான்.

இன்னொண்ணும் சொல்லுவாங்க. பரெட்டி நியூகேட்ல இருந்தப்ப இன்னொரு இத்தாலி வாத்தியார் பாக்க வந்தாராம், ஆறுதல் சொல்ல இல்ல, உங்களைத் தூக்குல போட்டப்புறம் உங்க மாணவங்களை எனக்குக் குடுக்கச் சொல்லி ஒரு சிபாரிசு லெட்டர் கிடைக்குமான்னு கேக்க. பரெட்டி அவரை உதைச்சு விரட்டாத குறை. பரெட்டி அதுக்கப்புறம் 20 வருஷம் இருந்தார், 1789ல செத்தார். ரெனால்ட்ஸ் 1773ல வரைஞ்ச படத்துல புஸ்தகத்தை மூக்குல ஒட்டற மாதிரி பிடிச்சு படிச்சுக்கிட்டிருக்கார். சாட்சி சொன்னவரே வரைஞ்ச படம், அதுவும் ஒரு சாட்சிதான்.

ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் சமையக்கட்டு மேஜையில லேப்டாப்பை வச்சு, தமிழ்ல அடிச்சுப் பாத்தேன். எங்க கோர்ட் முறைப்படி. மேல அ.சா.1, அதாவது அரசு தரப்பு முதல் சாட்சி, பெயர் எலிசபெத் வார்டு. "நானும் வேறொரு பெண்ணும் ஹேமார்க்கெட்டில் இருந்தோம். எதிரி அவ்வழியே வந்தார்." குற்றம் சாட்டப்பட்டவரை எங்க கோர்ட்ல எதிரின்னுதான் எழுதுவோம். முதல் விசாரணை, குறுக்கு விசாரணை எல்லாம் வந்துடுச்சு, விரல் தானா ஓடுது. மர்ம உறுப்புன்னு அடிச்சேன், இங்கிலீஷ்லயும் அதேதான் நாசூக்கா போட்டிருக்காங்க, அந்தப் பொண்ணு வாயில என்ன வார்த்தை வந்துச்சோ.

கடைசி வரியில நின்னுட்டேன். வாக்குமூலம் முடிஞ்சா கீழ ஆர்.ஓ. அண்ட் ஏ.சி.ன்னு போடணும், "படித்துக் காட்டப்பட்டு சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது". 31 வருஷத்துல எத்தனையோ ஆயிரம் தடவை, படிச்சுக் காட்டினாலும் காட்டாட்டியும், கூட்டம் அதிகமா இருந்தா ஐயா பாத்துக்கிட்டிருக்கும்போதே, அடிச்சிருக்கேன்.

இதுல அந்த வரியை விட்டுட்டு சேவ் பண்ணிட்டேன். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, ஈஸ்ட் ஹாம் போய் கறிவேப்பிலை வாங்கணும்.